வெள்ளையாய் விட்ட இடம்

அந்தப் படத்தைத் தீக்காய வார்டுக்கு வெளியே மாட்டியதிலிருந்து ஆஸ்பத்திரியில் ஆளாளுக்கு ஜோசியக்காரர் ஆகிவிட்டார்கள். கதவகலத்துக்கு ஒரு பலகை. இடது பக்கம் முழுக்கச் செம்மண்ணைக் குழைத்து அப்பின மாதிரி கனத்த சிவப்பு. மேலே சாம்பல். கீழே மஞ்சள் கீற்றுகள், அதற்கும் கீழே கோணல்மாணலாக ஒரு கறுப்புக் கோடு. ஆள் கிடையாது, மரம் கிடையாது, வீடு கிடையாது. வலது பக்கம் நடுவில் ஒரு முழ அகலத்துக்கு வண்ணமே படாமல் வெறும் வெள்ளையாகக் கிடந்தது.

கணக்குப் பிரிவு வெள்ளைத்துரை இங்கே வருவதற்கு முன்னால் சிவகாசியில் காலண்டர் அச்சாபீஸில் இருந்தவர். "கலர் விலகிப் போன பிரிண்டு இது. நாங்கன்னா கழிச்சு எடைக்குப் போட்டுருப்போம்" என்று ஒரே போடாகப் போட்டார். நர்ஸிங் படிக்கிற பிள்ளைகளில் ஒருத்தி, எண்ணெய் பரோட்டாவில் சால்னாவைக் கொட்டின மாதிரி இருக்கிறது என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் பண்ண வந்த போதகர் அந்த வெள்ளையைக் காட்டி, அது திறந்து கிடக்கிற கல்லறை என்று சின்னதாக ஒரு பிரசங்கமே வைத்துவிட்டுப் போனார். எல்லாரும் சொன்னார்களே தவிர, வரைந்த ஆளிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. படத்துக்கு அர்த்தம் சொல்கிறவர்களுக்கு வரைந்தவன் எப்போதுமே ஒரு இடைஞ்சல்தான்.

வரைந்தவர் தவராசா. இலங்கையில் சண்டை முடிந்த மறுவருஷம் படகில் வந்து, விருதுநகர்ப் பக்கத்து அகதி முகாமில் குடியிருக்கிறவர். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறவர். தின்னர் தீப்பிடித்துக் கை வெந்து வந்தபோது இங்கேதான் சரியாக்கி அனுப்பினார்கள். அதற்கு நன்றியாக, முகாமுக்கு வந்த புதிதில் வரைந்த இந்தப் படத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டார். வீட்டில் மாட்ட மனைவி விடவில்லையாம்.

வார்டுக்குப் பொறுப்பான ரீனா சிஸ்டருக்குப் படத்தைப் பற்றி அபிப்பிராயம் ஒன்றும் இல்லை. ஈரத்துணியால் துடைத்தால் சாயம் போகுமா போகாதா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒட்டுத்தோலும் சீழும் வலியுமாக நாள் பூராவும் நிற்கிறவளுக்குச் சுவரை நிமிர்ந்து பார்க்க நேரம் ஏது?

வினையே லட்சுமிகாந்தத்தால் வந்தது. வார்டுக்கு ஏசி வாங்கிப் போட்ட பட்டாசுக் கம்பெனி முதலாளி அவர். ஒருநாள் வந்தவர் படத்தைப் பார்த்ததும் மூஞ்சி சுண்டிப் போயிற்று. "என்ன டாக்டர் இது, ஷெட்டு வெடிச்ச மாதிரியே இருக்கு? வெந்து கெடக்கிற சனத்துக்கு முன்னாடி இதையா மாட்டுவாக? ஒரு அருவி, ஒரு பூந்தோட்டம்னு நான் நல்ல படமா அனுப்புறேன்" என்றார். மனுஷன் மேல் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. இந்தப் பக்கத்தில் சிவப்பும் புகையும் சேர்ந்து இருந்தால் யாருக்கும் வேறொன்றும் ஞாபகம் வராது. சாத்தூர் தொட்டு தாயில்பட்டி வரைக்கும் அந்தச் சத்தம் கேட்காத ஊர் எது?

பெரிய டாக்டர் தேவாசீர்வாதம் யார் மனசும் நோகக் கூடாது என்று நினைக்கிறவர். அதனாலேயே எந்த முடிவும் எடுக்கமாட்டார். "ரீனா, மாரித்தாய் கட்டிலுக்கு நேரேதானே கண்ணாடி வழியா அந்தப் படம் தெரியுது? அந்தம்மாகிட்டயே கேட்டுருங்க. தொந்தரவா இருக்குன்னா கழற்றிரலாம்" என்று அவளிடம் தள்ளிவிட்டார்.

மாரித்தாயிடம் போய் நிற்பது என்றாலே ரீனா தள்ளிப்போடுவாள். அதற்குக் காரணம் இருந்தது.

மாரித்தாயும் அவள் புருஷன் செந்தூர்பாண்டியும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். வெடிமருந்து செலுத்துகிற அறையில் அவர், திரி வைக்கிற அறையில் இவள். வெடித்தபோது இவளுக்கு இரண்டு கையும் கழுத்தும் வெந்தன. அவர் அங்கேயே முடிந்து போனார். மாரித்தாய்க்கு நினைவு திரும்பினபோது அவள் மகன் சோலைச்சாமி, "அப்பா மதுரை பெரிய ஆஸ்பத்திரியில இருக்காகம்மா. கால்ல எலும்பு முறிவு. வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டான்.

ஒட்டுத்தோல் பிடிக்கிற வரைக்கும் சொல்ல வேண்டாம் என்று டாக்டரும் சொன்னார். தோல் பிடித்துவிட்டது. பிறகும் யாரும் சொல்லவில்லை. சோலைச்சாமி ரீனாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். "அம்மா தாங்காது சிஸ்டர். அப்பாவும் போயி, அம்மாவுக்கும் ஒண்ணு ஆயிட்டா நான் எங்கன போயி நிப்பேன்? நீங்க வாயைத் திறக்க மாட்டேன்னு சொல்லுங்க." அவளும் சொன்னாள். வளர்ந்த பிள்ளை, அச்சாபீஸில் மிஷின் ஓட்டுகிற வாலிபன், சின்னக் குழந்தை மாதிரி தேம்பினால் யார்தான் என்ன சொல்வார்கள்?

பொய் என்றால் அப்படியொரு பொய். செத்த மனுஷன் நாளொரு இட்லியும் பொழுதொரு கஞ்சியுமாக மதுரையில் தேறிக்கொண்டிருந்தார். நேற்று எழுந்து உட்கார்ந்தார், இன்றைக்குக் கோலூன்றி நடந்தார், பக்கத்துக் கட்டில்காரனோடு சண்டை போட்டார் என்று சோலைச்சாமி தினமும் சேதி கொண்டுவந்தான். கொள்ளி வைத்த மொட்டைத் தலையோடு வந்து, இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு முடி இறக்கினதாகச் சொன்னான். ஊரிலிருந்து வருகிற பெண்கள் வாசலில் மூக்கைச் சிந்தித் துடைத்துவிட்டு, உள்ளே வரும்போது தலை நிறையப் பூவோடு வந்தார்கள். கோவில் குங்குமத்தை ரீனா கையில் கொடுத்து, "அவளுக்குக் கைக்கட்டு. நீங்கதான் தினமும் வச்சு விடணும் சிஸ்டர். இல்லேன்னா சந்தேகம் வந்துரும்" என்றார்கள்.

ரீனா தன் நெற்றியில் பொட்டு வைத்து அறியாதவள். பரம்பரையாகவே கிறிஸ்தவ வீடு. அவள் தினமும் காலையில் ஒரு விதவையின் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டு வந்து கையை எத்தனை தரம் கழுவினாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை. ஆனால் நோயாளி தேறுகிறாள், அது போதும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

இப்போது படத்தைப் பற்றிக் கேட்கப் போனாள்.

"மாரித்தாயக்கா, எதிர்ல இருக்கிற படம் உங்களுக்குத் தொந்தரவா இருக்கா? எடுத்துரச் சொல்லட்டுமா?"

மாரித்தாய் தலையைத் திருப்பாமல் படத்தையே பார்த்தாள். கழுத்துத் தோல் இன்னும் இழுத்துப் பிடித்திருந்தது.

"எதுக்கு எடுக்கணும்? இருக்கட்டும்."

"வெடிச்ச மாதிரி இருக்குன்னு சொல்றாங்க."

"வெடிக்கிறப்போ யாரு இம்புட்டு நிதானமாப் பாத்தா? இது வெடிச்சு ஓஞ்ச பெறவு. சத்தமெல்லாம் அடங்கிருச்சு, பாருங்க." வெள்ளையாக இருந்த பக்கம் கண்ணைக் காட்டினாள். "ஆனா சிஸ்டர், எனக்கு ஒண்ணுதான் பிடிபடல. அங்கன வெள்ளையாக் கெடக்கே, அது வேணும்னே விட்டதா, விட்டுப்போனதா? வரைஞ்சவரு வந்தா கேட்டுச் சொல்றீகளா?"

"கேட்டு என்ன செய்யப்போறீக?"

"சும்மா படுத்துத்தானே கெடக்கேன். தெரிஞ்சா நல்லாருக்கும்."

அன்றிலிருந்து தினமும் அதே பாட்டுதான். கட்டு மாற்றும்போது வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். முடிந்ததும் வாயைத் திறந்தால், "அவரு வந்தாரா? கேட்டீகளா?" புருஷனைப் பற்றிக் கூட அப்படி விடாமல் கேட்டதில்லை. மகன் சொல்கிற மதுரைக் கதைகளை அவள் பாட்டுக்குக் கேட்டுக்கொள்வாள். மேற்கொண்டு ஒன்றும் துருவமாட்டாள். ரீனாவுக்கு அதுவே ஒரு நிம்மதியாக இருந்தது.

கடைசியில் ரீனாவே தவராசாவுக்குப் போன் போட்டாள். கையைக் காட்டிவிட்டுப் போக வருகிற சாக்கில் அவர் வந்தார். வெந்த கை நன்றாக ஆறியிருந்தது. படத்துக்கு எதிரே கிடந்த பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

"ஆக்களுக்குக் கரைச்சலெண்டா கழட்டிப்போடுங்கோ தங்கச்சி. நான் குறை நினைக்க மாட்டன்" என்றார் அவர்.

"கழட்டச் சொல்லலைண்ணே. அர்த்தம் கேக்குறாங்க. இது சண்டையா?"

"சண்டையைப் படமாக் கீறேலுமோ? அப்ப ஆர் கண்ணைத் திறந்துகொண்டு நிண்டது? எல்லாம் முடிஞ்சு இங்க வந்து சேந்த பிறகு கண்ணுக்குள்ள என்ன கிடந்துதோ, அதைத்தான் கீறினனான். இந்தச் சிவப்பைப் பாத்திட்டு ரத்தமெண்டு சொல்லினம். ரத்தமில்லை. பதுங்குகுழி மண். எவ்வளவோ காலம் முகத்துக்கு முன்னால அந்த மண்தானே இருந்தது. கீழ இருக்கிற கறுப்பு, சனம் வரிசையா நடந்துபோனது."

"அந்த வெள்ளை? அது வேணும்னு விட்டதா, விட்டுப்போனதா?"

தவராசா ஆறின கையை மற்றக் கையால் நீவிக்கொண்டிருந்தார்.

"அது என்ரை பெடியனுக்கு விட்ட இடம்" என்றார். "கடைசி நாளில சனநெரிசலுக்குள்ள கை விலகிட்டுது. அதுக்குப் பிறகு அவனைக் கண்டனெண்டும் ஆரும் சொல்லேல்ல, செத்திட்டானெண்டும் ஆரும் சொல்லேல்ல. நான் அவனை எப்பிடிக் கீறுறது? இருக்கிறவனைச் செத்தவனாக் கீறினா நானே கொலை செய்த மாதிரி. செத்தவனை இருக்கிறவனாக் கீறினா, என்ரை மனிசி அதைப் பாத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் அவனுக்கும் சேத்துச் சமைப்பாள். தூரிகையை எடுக்கிறதும் வைக்கிறதுமா இருந்து, கடைசியில அப்பிடியே விட்டிட்டன். பதினஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு. ஒரு திவசம் இல்லை, ஒரு படையல் இல்லை. நாங்கள் இன்னும் அழவும் இல்லை தங்கச்சி. ஆராவது ஒரு ஆள் வந்து, உங்கடை பிள்ளை இல்லையெண்டு ஒரு சொல் சொன்னா, அவரின்ரை காலைக் கழுவிக் கும்பிடுவன்."

ரீனா இத்தனை வருஷ வேலையில் எத்தனையோ பேரிடம் சாவுச் செய்தி சொல்லியிருக்கிறாள். அதைக் கெட்ட செய்தி என்றுதான் அவளுக்குப் பழக்கம். அதற்காகவும் ஒரு மனுஷன் காத்துக்கிடப்பான் என்று அவளுக்குத் தெரியாது. அவர் எழுந்து படத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த நூலாம்படையை விரலால் எடுத்துவிட்டு, போயிட்டு வாறன் என்று படியிறங்கினார்.

கேட்டுச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. ரீனா உள்ளே போனாள். மாரித்தாய் ஏற்கெனவே கண்ணாடி வழியாக இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"அவருதானா? என்ன சொன்னாரு?"

ரீனா மறைக்காமல் சொன்னாள். பிள்ளை கை விலகிப் போனதை, இருக்கிறானா இல்லையா என்று யாரும் சொல்லாததை, இரண்டு விதமாகவும் வரைய முடியாமல் இடத்தை வெள்ளையாக விட்டதை. மாரித்தாய் கண்ணை மூடிக் கேட்டாள்.

"பாவம்" என்றாள். "அவருக்குச் சொல்ல ஆளில்ல. எனக்குச் சொல்ல இம்புட்டுப் பேரு இருக்கீக. சொல்ல மாட்டேங்கீக."

ரீனாவுக்குப் பகீர் என்றது.

"என்ன மாரித்தாயக்கா பேசுறீக?"

"எம் மகன் இருக்கன்குடிக்கு மொட்டை போட்டேன்னு வந்து நின்னானே, டீயை ஊதிக் குடுக்கிறப்போ இங்க கட்டிவிடுற மூக்குத்துணி நழுவிருச்சு. மீசை இல்ல. சாமிக்கு முடி எறக்குறவன் தலையைக் குடுப்பான். மீசையையுமா குடுப்பான்? எங்கள்ல எதுக்கு மீசை எடுப்பாகன்னு எனக்குத் தெரியாதா? அவனுக்குப் பொய் சொல்லவும் துப்பில்ல சிஸ்டர். அவுக அப்பனை மாதிரி." மூச்சு வாங்கினாள். "காலையில பொட்டு வைக்கிறப்போ உங்க விரலு நடுங்குது. வந்து போற பொம்பளைக கண்ணெல்லாம் வீங்கிக் கெடக்கு. எனக்குக் கைதானே வெந்துச்சு. கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

"தெரிஞ்சா ஏன்க்கா ஒரு வார்த்தை கேக்கல? ஏன் அழக்கூட இல்ல?"

"நானா எப்படி அழ? ஒருவேளை அந்த மனுஷன் நெசமாவே மதுரையில உசுரோட கெடந்தா? உசுரோட இருக்கிற புருஷனுக்கு ஒப்பாரி வச்சவளா ஆகவா? யாராச்சும் வாயத் திறந்து சொல்லணும்ல. சொன்னாத்தானே அழ முடியும்? நெஞ்சுல பாறாங்கல்லைத் தூக்கி வச்சுக்கிட்டு, அவரு இட்லி தின்ன கதையைத் தினமும் கேட்டுக்கிட்டுக் கெடக்கேன்."

இதுவரைக்கும் மருந்து என்று நினைத்துத் தான் கொடுத்துவந்தது என்ன என்று ரீனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, தன் மேலேயே. ஆனாலும் மகனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாளே. வெளியே போய்ப் பார்த்தாள். சோலைச்சாமி சாப்பாட்டுத் தூக்குவாளியோடு வராந்தாவில் நின்றான். இன்றைக்கு அப்பாவை என்ன செய்ய வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தானோ என்னவோ.

"தம்பி, உங்கம்மாவுக்குத் தெரியும். தெரிஞ்சும் அழ முடியாம கெடக்காக. உள்ள வந்து நீயே சொல்லு."

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். "என்னால ஏலாது சிஸ்டர். எங் கையாலதான் கொள்ளி வச்சேன். வாயாலயும் சொல்லச் சொன்னா எப்படி?"

"அப்ப நான் சொல்றேன். நீ கூட வந்து நில்லு. அது போதும்."

அவன் வந்தான். வாசலோடு நின்றுவிட்டான். ரீனா கட்டிலுக்குப் பக்கத்தில் போய், மாரித்தாயின் தோளில் வேகாத இடமாகப் பார்த்துக் கையை வைத்தாள். சாவைச் சொல்வதற்கு என்று அவளிடம் நாலைந்து பதமான வாக்கியங்கள் உண்டு. எங்களால் ஆனதெல்லாம் செய்தோம், கர்த்தர் சித்தம், அந்த மாதிரி. அதில் ஒன்றுமே வேலைக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"அண்ணன் இல்லக்கா. வெடிச்ச அன்னைக்கே போயிட்டாக."

"பேரைச் சொல்லிச் சொல்லுங்க."

"செந்தூர்பாண்டி அண்ணன் செத்துப்போயிட்டாக."

மாரித்தாய் தலையை மெல்ல ஆட்டினாள். அழுகை வரவில்லை. எத்தனையோ நாளாக அடக்கிவைத்தது கூப்பிட்டதும் வந்துவிடுமா? உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, ஊர்க்காரியம் விசாரிக்கிற மாதிரி கேட்டாள்.

"நம்ம ஊருக்குத்தானே கொண்டு போனாக?"

"ஆமாக்கா. ஊர்ச்சனம் அம்புட்டுப் பேரும் வந்துச்சாம்."

"நான்தான் இல்ல" என்றாள். பிறகு வாசலைப் பார்த்தாள். "ஏலே சோலை, அங்கன ஏன்லே நிக்க? இங்கன வா."

அவன் வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எல்லாம் ஒத்தையிலயா செஞ்ச? தண்ணிக்குடம் தூக்கினது, கொள்ளி வச்சது, எல்லாம் நீ ஒருத்தனாவா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"அழுதியா?"

"இல்லம்மா. அழுதா மூஞ்சி வீங்கும். நீ கண்டுபிடிச்சிருவியேன்னு அழல."

மாரித்தாய் கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் அவன் பக்கமாக நகர்த்தினாள். தொட முடியவில்லை. தொடுகிற தூரத்தில் வைத்துக்கொண்டாள்.

"அழுலே" என்றாள். "நீ அழு மொதல்ல. எனக்குத் தன்னால வரும்."

சோலைச்சாமி கட்டில் ஓரத்தில் முகத்தை வைத்து, "எப்பா" என்று ஒரு சத்தம் போட்டான். அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் மாரித்தாய்க்கு அழுகை வந்தது.